சுண்டு விரலில் இருபத்தொன்று

ஒரே ஒரு ரொட்டி வாங்க எந்த விரலைத் தூக்குவது என்று யோசிக்க வேண்டிய ஊரில் குடியிருக்கிறேன். சிரிக்காதீர்கள். பாரீஸிலிருந்து ரயிலில் அரை மணி தள்ளியிருக்கும் எங்கள் பேட்டையின் முனையில் ஒரு ரொட்டிக் கடை இருக்கிறது. காலையில் வரிசை தெருவரைக்கும் வந்துவிடும். உள்ளே மாவு பிசையும் இயந்திரம் போடுகிற சத்தத்தில் யார் பேசுவதும் யார் காதிலும் விழாது. என் முறை வந்ததும் நம்மூர்ப் பழக்கத்தில் ஆள்காட்டி விரலைத் தூக்குவேன். கடைக்கார அம்மாள் ரொட்டியை எடுக்கமாட்டார். முகத்தை முன்னால் நீட்டி, "சொல்லுங்கள் மதாம்?" என்பார். இங்கே ஆள்காட்டி விரலைத் தூக்குவது வகுப்பில் பிள்ளைகள் பதில் சொல்ல அனுமதி கேட்கிற சைகை. ஒன்று என்று காட்டக் கட்டை விரலைத் தூக்க வேண்டும். கூடவே ஆள்காட்டி விரலையும் நீட்டினால் இரண்டு. எனக்கும் ஒரு பிடிவாதம். ஒன்று என்றால் ஒரு விரல், அது எந்த விரலாக இருந்தால் இவர்களுக்கு என்ன? வந்து நான்கு வருடமாகியும் கட்டை விரலைத் தூக்க எனக்கு மனசே வரவில்லை. தினமும் அந்த அம்மாள் கேட்பார், தினமும் நான் வாயைத் திறந்து கத்திச் சொல்வேன்.

நான் திண்டிவனத்துப் பெண். விழுப்புரத்தில் கணக்கில் பி.எஸ்சி.யும் பிறகு பி.எட்.டும் முடித்து, அங்கேயே ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தேன். என் வீட்டுக்காரரும் விழுப்புரம்தான். அவருடைய அப்பாவுக்குப் புதுச்சேரி வழியாக வந்த பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. அந்தக் காகிதத்தின் புண்ணியத்தில் நாங்களும் இங்கே வந்து விழுந்தோம். அவர் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் பிரிவில் வேலை செய்கிறார். நான் வீடு வீடாகப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். இந்த ஒரு வரியைச் சொல்லிக்கொள்ளும் நிலைக்கு வர நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். இந்த ஊரில் என் நிறத்தில் ஒருத்தி ஒரு பெரிய வீட்டின் அழைப்பு மணியை அடித்தால், அவள் நூனுவாகத்தான் இருக்க வேண்டும். நூனு என்றால் பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஆயா. ஒரு வீட்டில் கதவைத் திறந்த அப்பா, தள்ளுவண்டியையும் அதில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையையும் என் கையில் கொடுத்து, "பூங்காவில் நல்ல வெயில்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். குழந்தை லட்டு மாதிரி இருந்தது, அது வேறு விஷயம். ஆயா வேலையை நான் மட்டமாகச் சொல்லவில்லை. என் சிநேகிதிகளில் பாதிப் பேர் அந்த வேலைதான் செய்கிறார்கள், என்னைவிட நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். ஆனால் நான் டீச்சர். பையில் ஜியோமெட்ரி பாக்ஸோடு நிற்கிறவளைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யக் கூடாதா?

அப்படியே கேட்டாலும் முதல் கேள்வி, எங்கிருந்து வருகிறீர்கள் என்பதுதான். நான் எங்கள் பேட்டையின் பெயரைச் சொல்வேன். "இல்லை இல்லை, நிஜமாக எங்கிருந்து?" என்பார்கள். அந்த 'நிஜமாக'வைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இந்தியா என்று சொன்னவுடனே முகம் மாறும், இந்தத் தடவை வேறு திசையில். "அப்படியானால் கணக்கு உங்கள் ரத்தத்திலேயே இருக்குமே!" என் ரத்தத்தில் என்ன இருந்தது என்று எனக்கல்லவா தெரியும்! பதினோராம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் கணக்கில் ஃபெயிலாகி, விடைத்தாளை அப்பாவிடம் காட்டப் பயந்து அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தவள் நான். உதைபட்டு, மிதிபட்டு, உட்கார்ந்து படித்து வந்த கணக்கு இது. அதைப் பிறந்தபோதே கூட வந்த மச்சம் மாதிரி பேசினால் கோபம் வராதா?

நம்மூர் மட்டும் என்ன வாழ்ந்ததாம் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கல்யாணத்துக்கு முன்னால் நானும் என் அக்கா மலரும் திண்டிவனத்தில் எங்கள் வீட்டு மாடியில் தகரக் கொட்டகை போட்டு டியூஷன் நடத்தினோம். பிள்ளையைச் சேர்க்க வரும் அம்மா அப்பாக்கள் எங்கள் படிப்பைக் கேட்கமாட்டார்கள். "நீங்க எந்தத் தெருங்க? யாரு வூடு?" என்பார்கள். தெருவைச் சொன்னால் அவர்களுக்கு வேண்டியது தெரிந்துவிடும். அதற்கு அக்கா நன்றாகப் பதில் வைத்திருந்தாள். "தெருவ அப்பறம் சொல்றேங்க. மொதல்ல பையன் எந்தப் பாடத்துல முட்டை வாங்கிக்கினு வந்திருக்கான்னு சொல்லுங்க" என்பாள். அங்கே தெருவைக் கேட்டு ஆளை எடை போட்டார்கள், இங்கே தோலைப் பார்த்துவிட்டு ஊரைக் கேட்கிறார்கள். இரண்டு இடத்திலும் கணக்கு தெரியுமா என்று கேட்டவர்கள் குறைவு.

லூயீஸ் வீட்டுக்கு நான் போனதும் இப்படித்தான். லூயீஸுக்கு ஒன்பது வயது, முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது. கணக்கு என்றாலே கண்ணில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். அவள் அம்மா கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்து, "மேல் வீட்டுக்குத்தானே? லிஃப்ட் அந்தப் பக்கம்" என்றார். மேல் வீட்டில் கைக்குழந்தை இருந்தது. நான் டியூஷன் டீச்சர் என்றதும் கழுத்துவரை சிவந்துபோய் மன்னிப்புக் கேட்டார். நல்ல பெண்மணி, ஆனால் வாய் சும்மா இருக்காது. காபி கொடுத்துக்கொண்டே, இந்தியாவில் தேர்வுக்கு முன்னால் பிள்ளைகள் மந்திரம் சொல்லி மனதை ஒருமைப்படுத்துவார்களாமே, லூயீஸுக்கு அப்படி ஏதாவது கற்றுத்தர முடியுமா என்று கேட்டார். "எனக்கு எந்த மந்திரமும் தெரியாது மதாம். வாய்ப்பாடுதான் தெரியும்" என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

லூயீஸின் சிக்கல் ஏழாம் வாய்ப்பாடு. மற்றதையெல்லாம் தட்டுத்தடுமாறிச் சொல்லிவிடுவாள், ஏழு என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பத்து விரலையும் விரித்து வைத்து எண்ணுவாள், பத்துக்கு மேல் போனால் விரல் தீர்ந்துபோய் விழிப்பாள். ஒரு புதன்கிழமை, இங்கே புதன்கிழமை பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, அவள் அப்படி விழித்துக்கொண்டிருந்தபோது என் கையைப் பார்த்தாள். "செல்வி, உங்கள் கட்டை விரல் ஏன் நடந்துகொண்டே இருக்கிறது?" என்றாள். குனிந்து பார்த்தேன். என் இடது கைக் கட்டை விரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு அவளுக்கு முன்னால் எண்ணிக்கொண்டிருந்தது. எனக்கே தெரியாது.

உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதை வாசிக்கும்போதே உங்கள் கட்டை விரல் சுண்டு விரலுக்குப் போயிருக்கும். ஒரு விரலுக்கு மூன்று கணு, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. இதை யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன், ஒருவர் முகமும் வரவில்லை. பிரம்மதேசத்துப் பக்கம் எங்களுக்கிருந்த நிலத்திலிருந்து மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வந்து இறங்கும்போது அம்மா மரக்காலில் அளந்து போடுவாள். வாய் பக்கத்து வீட்டுக்காரியின் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும், கட்டை விரல் பாட்டுக்கு மரக்கால் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். பேச்சும் தப்பாது, கணக்கும் தப்பாது. கல்லூரிக்கு நான் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பாசஞ்சர் ரயிலில் போவேன். பரீட்சை நாளில் பெட்டி முழுக்கப் பெண்கள் சூத்திரங்களை முணுமுணுத்துக்கொண்டு, எத்தனை பாடம் பாக்கி என்று விரல் கணுவில் எண்ணிக்கொண்டு வருவார்கள். மயிலம் தாண்டும்போது முகத்தில் இருக்கிற தைரியம் விக்கிரவாண்டி வரும்போது இருக்காது. அந்தக் கையெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை ஒரு வித்தை என்று அப்போது யாரும் நினைத்ததில்லை, மூச்சு விடுவது மாதிரி அது நடந்துகொண்டிருந்தது.

லூயீஸுக்கு அது பெரிய வித்தையாகத் தெரிந்தது. சுண்டு விரலின் முதல் கணுவில் கட்டை விரலை வைத்து ஏழு, அடுத்த கணுவில் பதினான்கு, மூன்றாவதில் இருபத்தொன்று. சுண்டு விரல் முடிந்தால் இருபத்தொன்று, மோதிர விரல் முடிந்தால் நாற்பத்திரண்டு, நடு விரல் முடிந்தால் அறுபத்து மூன்று. நின்று இளைப்பாற இடம் கிடைத்துவிட்டதால் பிள்ளைக்குப் பயம் போய்விட்டது. கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, உதட்டை மட்டும் அசைத்துச் சொல்வாள். "பயமாக இருந்தால் கட்டை விரலைச் சுண்டு விரலில் வை, மற்றது தானாக வரும்" என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்த வாக்கியம் ஒருநாள் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு செவ்வாய்க்கிழமை லூயீஸின் அம்மா போன் செய்தார். குரலில் வழக்கமான கலகலப்பு இல்லை. நாளைக்கு டியூஷனுக்கு வர வேண்டாம், வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் வகுப்பு டீச்சர் உங்களைப் பார்க்க விரும்புகிறார், நானும் வருவேன் என்றார். என்ன விஷயம் என்று கேட்டேன். "செல்வி, லூயீஸுக்கு நீங்கள் ஏதாவது பிரார்த்தனை சொல்லிக்கொடுத்தீர்களா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வகுப்பில் கணக்குத் தேர்வு நடந்தபோது லூயீஸ் கண்ணை மூடி, உதட்டை அசைத்து, மேசைக்கு அடியில் விரல்களைத் தொட்டுத் தொட்டு ஏதோ செய்திருக்கிறாள். என்ன அது என்று டீச்சர் கேட்டதற்கு, "என் இந்திய மதாம் சொல்லித்தந்தது, பயம் வந்தால் இதைச் செய்தால் தானாக வரும்" என்று சொல்லியிருக்கிறாள். பிள்ளை சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, ஆனால் கேட்பவர்கள் காதில் அது எப்படி விழும்?

இந்த நாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பள்ளிக்கூட வாசலுக்குள் மதம் நுழையக் கூடாது. லாயிசிதே என்பார்கள், அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். அதோடு 'செக்த்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஆளை மயக்கி இழுக்கும் சாமியார்க் கூட்டத்துக்குச் சொல்வது. வீட்டுக்குள் வந்து பிள்ளைக்கு ரகசியமாக மந்திரம் ஓதினாள் என்று பள்ளி வாசலில் ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் சொன்னால் போதும், அந்தப் பகுதியில் எனக்குக் கதவு திறக்கும் வீடு ஒன்றுகூட மிஞ்சாது. நூனு என்று நினைத்தவர்களிடம் டீச்சர் என்று சொல்லிச் சொல்லி நான்கு வருடத்தில் சேர்த்த பெயர், ஒரே வெள்ளிக்கிழமையில் சாமியாரிணி ஆகிவிடும். அதைவிட இன்னொன்று உறுத்தியது. இப்போதுதான் கணக்கைப் பார்த்து அழாமல் இருக்கக் கற்றுக்கொண்ட பெண், தன் கையையே குற்றமாக நினைக்க ஆரம்பித்துவிடுவாள்.

வீட்டுக்காரர் சொன்ன யோசனை இரண்டே வரி. "வம்பே வேணாம். தெரியாம பண்ணிட்டேன், சாரின்னு சொல்லிட்டு வந்துடு." எனக்கு வந்த ஆத்திரத்தில் சாப்பாட்டைக்கூட எடுத்து வைக்கவில்லை. ஏழாம் வாய்ப்பாட்டுக்கு யாராவது சாரி கேட்பார்களா? திண்டிவனத்துக்கு வீடியோ கால் போட்டேன். அந்த மாடி டியூஷனை அக்கா இப்போது தனியாக நடத்துகிறாள். பின்னால் பிள்ளைகள் இரைச்சல்.

"இன்னாடி சொல்ற? வெரல் வுட்டு எண்ணுனா கேஸா?"

"கேஸெல்லாம் இல்லக்கா. கூப்ட்டுக் கேக்கறாங்க."

"கேட்டா சொல்லு. அதுக்கு ஏன் மூஞ்சிய இப்டி வச்சிக்கினு இருக்க? நீ இன்னா திருடிக்கினா வந்த? இரு." போனைப் பிள்ளைகள் பக்கம் திருப்பினாள். "டேய், அல்லாரும் சித்திக்குக் கைய காட்டுங்கடா. பதிமூணு பன்னெண்டு எவ்ளோ?" அத்தனை கையிலும் கட்டை விரல் நடந்தது. அக்கா மறுபடியும் திரையில் வந்தாள். "பேஜாரு பண்ணிக்காத. கணக்கு டீச்சரு நீ. கணக்க காட்டிட்டு வா" என்றாள்.

வெள்ளிக்கிழமை போனேன். வகுப்பறையில் எல்லாம் குட்டி நாற்காலிகள். முழங்கால் மோவாயில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தோம், நானும் லூயீஸின் அம்மாவும் லூயீஸும். வெள்ளைக்கார டீச்சர் ஒருவர் வந்து என்னை மேலும் கீழும் பார்ப்பார் என்று எதிர்பார்த்து, அதற்கான பதில்களையெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். வந்தவர் கோதுமை நிறத்தில், சுருட்டை முடியோடு, என் வயதுப் பெண்மணியாக இருந்தார். பெயரைச் சொன்னதும் அல்ஜீரியக் குடும்பம் என்று புரிந்தது. பாருங்கள், நானும் பெயரைக் கேட்டு ஊரைக் கண்டுபிடித்துவிட்டேன்! தயார் செய்த பதில்களில் பாதி அங்கேயே பயனில்லாமல் போயின.

அவர் மரியாதையாகத்தான் கேட்டார். அந்தக் கை அசைவு என்ன, கூடச் சொல்லும் வார்த்தைகள் என்ன? "எண்கள்" என்றேன். "என்ன எண்கள்?" என்றார். மந்திரத்துக்கு எண் இருக்குமே, நூற்றெட்டு தடவை என்பார்களே, அப்படி எடுத்துக்கொண்டார் போல. "எத்தனை தடவை சொல்ல வேண்டும்?" என்று கேட்டார். நான் "பன்னிரண்டு வரைக்கும்" என்றேன். அவர் லூயீஸின் அம்மாவைப் பார்த்தார், அம்மா தரையைப் பார்த்தார். நிலைமை கையை விட்டுப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. லூயீஸைச் செய்து காட்டச் சொன்னேன். அவள் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு உதட்டைக் கடித்தாள். எவ்வளவோ கெஞ்சியும் கையை வெளியே எடுக்கவில்லை. எதற்குப் பயந்தேனோ அது என் கண் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது.

பதற்றம் வந்தால் எனக்குப் பிரெஞ்சு ஓடிப்போய்விடும். அன்றைக்கும் ஓடிவிட்டது. வேறு வழி தெரியாமல் என் இடது கையை அவர்கள் முன்னால் நீட்டி, சுண்டு விரலில் கட்டை விரலை வைத்து, "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு" என்று தமிழில் ஆரம்பித்துவிட்டேன். அதுவும் எப்படி? சின்ன வகுப்பில் கும்பலாகக் கத்திய அதே ராகத்தில், உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு. நாலேழுக்கு வரும்போதுதான் எனக்கே உறைத்தது. மந்திரம் சொல்லித்தரவில்லை என்று நிரூபிக்க வந்தவள், கண்ணைச் சொருகிக்கொண்டு, யாருக்கும் புரியாத பாஷையில், பாட்டாக ஓதிக்கொண்டிருக்கிறேன். டீச்சரின் புருவம் நெற்றிக்கு ஏறியிருந்தது. கெட்டது குடி என்று வாயை மூடினேன்.

அப்போது லூயீஸ் சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல், பாதிப் பல் தெரியக் கெக்கெக்கே என்று சிரித்தாள். "செல்வி, நீங்கள் பாடுவது நம்முடைய ஏழுதானே! விரல் அதே இடத்தில் நிற்கிறதே!" என்றாள். கை பைக்குள்ளிருந்து தானாக வெளியே வந்தது. என் கையைப் பார்த்துக்கொண்டே அவள் பிரெஞ்சில் தொடர்ந்தாள். நாலேழு இருபத்தெட்டு, ஐயேழு முப்பத்தைந்து, மோதிர விரல் முடியும் இடத்தில் நாற்பத்திரண்டு. நானும் விடவில்லை, தமிழில் சேர்ந்துகொண்டேன். இரண்டு பாஷை, இரண்டு கட்டை விரல், ஒரே கணு. டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எட்டேழு?" என்றார் சட்டென்று. லூயீஸின் கட்டை விரல் நடு விரலின் இரண்டாம் கணுவுக்குத் தாவியது. "ஐம்பத்தாறு!" "பன்னிரண்டேழு?" ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு. "எண்பத்து நான்கு!" அந்தப் பிள்ளை ஏழாம் வாய்ப்பாட்டைச் சிரித்துக்கொண்டே சொன்னதை அவள் அம்மா அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார்.

அந்த அம்மாள் தலையை நிமிர்த்தி டீச்சரிடம், "மந்திரம் வேண்டும் என்று கேட்டது நான்தான். இவர் தனக்கு வாய்ப்பாடு மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார். அதை உங்களிடம் முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். அவர் கழுத்துவரை சிவந்ததை நான் பார்த்தது அது இரண்டாம் முறை. கோபமாக இருந்தாலும் அந்த வார்த்தைக்காக அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

டீச்சர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். பிறகு அவருடைய கட்டை விரலும் மெல்லச் சுண்டு விரலின் கணுவுக்குப் போயிற்று. "என் அப்பா தொழுகை முடிந்ததும் இப்படித்தான் எண்ணுவார்" என்றார். "சின்ன வயதிலிருந்து பார்த்த கை அது. லூயீஸின் கையில் அதைப் பார்த்ததும் பிரார்த்தனை என்றுதான் தோன்றியது, வேறெதுவும் தோன்றவில்லை. அதைக் கண்டும் காணாமல் விட்டிருந்தால், இந்தப் பெயரோடு இருக்கிற நான் வேண்டுமென்றே விட்டேன் என்று நாளைக்குச் சொல்வார்கள். உங்களிடமும்தான் கேட்பார்களே, நிஜமாக எங்கிருந்து என்று?" "தினமும்" என்றேன். "நான் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். என்னையும் தினமும் கேட்கிறார்கள்" என்றார். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பில் என் நெஞ்சிலிருந்த கல் கழன்று விழுந்தது. எழுந்திருக்கும்போது அவர் லூயீஸின் தலையைத் தடவி, "இனிமேல் கையை மேசைக்கு மேலே வைத்தே எண்ணு. ஒளிக்க வேண்டியதில்லை" என்றார்.

வெளியே வந்ததும் அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன் பாருங்கள், எத்தனை நாள் உள்ளே கிடந்த மூச்சோ! போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அடுத்த புதன்கிழமை வழக்கம்போல வர வேண்டும் என்று லூயீஸின் அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார், காபிக்குக் கேக்கும் உண்டாம். அக்காவுக்குப் போன் போட்டேன். "நான் சொன்னேன்ல?" என்றாள், அவ்வளவுதான், ஆனால் அவளும் மூக்கை உறிஞ்சியது கேட்டது. திரும்பி வரும் வழியில் ரொட்டிக் கடைக்குப் போனேன். சாயங்கால வரிசை. யோசனை எங்கேயோ இருந்தது. என் முறை வந்ததும் கையைத் தூக்கினேன், அந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். தெருவில் பாதித் தூரம் வந்த பிறகுதான் தெரிந்தது, நான் தூக்கியது கட்டை விரலை. நான்கு வருடப் பிடிவாதம், என்னைக் கேட்காமலே இறங்கிப்போயிருந்தது. அதற்காக வருத்தப்படத் தோன்றவில்லை.

இந்தக் கோடை விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். விழுப்புரத்தில் மாமியாரைப் பார்க்க நானும் அக்காவும் திண்டிவனத்திலிருந்து வாடகைக் காரில் கிளம்பினோம். கூட்டேரிப்பட்டில் டீ குடிக்க நிறுத்தச் சொன்னாள் அக்கா. பஸ்ஸும் லாரியும் அலறிக்கொண்டு போகும் ரோட்டோரம், கடையில் பாட்டுச் சத்தம் வேறு. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் எத்தனை என்று தலையை ஆட்டினார். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தார்.

"இன்னாங்க மேடம், சுடப் போறீங்களா?"

பார்த்தேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தன, சின்னப் பிள்ளைகள் துப்பாக்கி பிடிக்கிற மாதிரி. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "ரெண்டு டீங்க" என்றேன்.

"எந்த ஊருங்க நீங்க?"

"திண்டிவனம்ங்க."

"அது சரிங்க. நெசமா எந்த ஊரு?"

எத்தனை பேருக்கு எத்தனை பதில் வைத்திருந்தேன்! இந்த ஒருவரிடம் சொல்ல ஒன்றுகூட இல்லை. தூக்கிய கையை மடக்கிக்கொண்டேன். மடங்கிய கட்டை விரல் தன் பாட்டுக்குச் சுண்டு விரலின் முதல் கணுவில் போய் உட்கார்ந்தது. அக்கா என் தோளில் கையைப் போட்டு இழுத்துக்கொண்டாள்.

"இவளா? எங்கூட்டுப் பொண்ணுதாங்க. கைதான் வெளியூரு போயிக்கினு வந்துகினு இருக்குது. நீங்க டீயப் போடுங்க."